துறைமுகத்தில் ஏது முள்

துறைமுகத்தில் முள் கிடையாது. கரி உண்டு, உப்பு உண்டு, சிந்திய கோதுமை உண்டு, எலி வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் கேட்டிலிருந்து குடோன் வரைக்கும் போகிற கல் பாவிய சாலையில் முள் குத்திவிட்டது என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான் ஒருத்திதான்.

நடந்துகொண்டே இருப்பேன். நெஞ்சுக்கு நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல இருக்கும். அந்த அழுத்தம் இடது தோளுக்கு ஏறித் தாடை வரைக்கும் போகும். உடனே நின்று, ஒரு காலைத் தூக்கி, பாதத்தைத் திருப்பி முள்ளைத் தேடுவேன். தேடி முடிப்பதற்குள் வலி இறங்கிவிடும். மறுபடி நடப்பேன். நின்றால் போய்விடுகிற வலியை வியாதி என்று யார் நினைப்பார்கள்? வாயு என்றுதான் நினைத்தேன். ஓமத்தை மென்றேன், சோடா குடித்தேன், ஏப்பம் வந்தபோதெல்லாம் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

கூட நடந்து வருகிற கதீஜாவை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. தண்டையார்பேட்டைக்காரி, என்னோடு ஒரே குடோனில் வேலை, வாய் என்னை விட ஒரு முழம் நீளம்.

"இன்னாடி தனம், ஹார்பர்ல எங்கேந்து வருது முள்ளு? உன் காலுக்கு மட்டும் தனியா மொளைக்குதா?"

"வாயை மூடிகினு நட."

வேறு என்ன சொல்வது? காலையில் மேஸ்திரி கேட்டுக்குப் பக்கத்தில் நின்று ஆள் எடுப்பார். மூச்சு வாங்குகிறவள் என்று தெரிந்தால் அவர் பார்வை என்னைத் தாண்டி அடுத்தவள் மேல் போய்விடும். முள் குத்தியவளுக்கு வேலை உண்டு, நெஞ்சு வலிக்கிறவளுக்கு இல்லை. இப்படி வாயு என்று நம்பிக்கொண்டு காலைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனை பேரோ. அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் தனபாக்கியம். ராயபுரத்தில் ரயில் பாதை ஓரம் ஒரே அறையில் குடித்தனம். கப்பலுக்குப் போகிற கோணிகளில் கிழிந்ததைத் தைப்பது என் வேலை. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததால் எழுத வரும். புருஷன் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர். ஜப்பான் சண்டைக் காலத்தில் கால்நடையாகவும் கப்பலிலும் ஜனங்கள் திரும்பி வந்தார்கள், அவர் வரவில்லை. அவருக்காக அழுதது போதும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன். எனக்கென்று மிச்சம் இருப்பது தம்பி ஏழுமலை ஒருவன். அவன் கப்பலில் பாய்லருக்குக் கரி அள்ளுகிறவன். வருஷத்தில் முக்கால்வாசி அவனுக்குத் தண்ணீரின் மேல்தான் வாசம்.

எங்கள் கைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என் புறங்கையில், விரல் தொடங்குகிற எலும்பு முட்டுகளின் மேல், கடலை மிட்டாய் அளவுக்குக் கெட்டியான கட்டிகள். வலி கிடையாது. கோணி ஊசி பிடித்துப் பிடித்துக் கை காய்த்துவிட்டது என்று நினைத்தேன். ஏழுமலைக்கும் அதே இடத்தில் அதே காய்ப்பு. அவன் அதைக் கரி அள்ளும் ஷவல் கொடுத்தது என்பான். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்குப் படகு வலித்தவர். அவர் கையிலும் இருந்தது. அது துடுப்பு கொடுத்தது. ஏழுமலை கரைக்கு வந்த அன்று நாங்கள் செய்கிற முதல் காரியம் முஷ்டியை முஷ்டியோடு சேர்த்து வைத்து யாருடையது பெரியது என்று பார்ப்பதுதான்.

"நீ ஜெயிச்சிகினே கீறக்கா. இன்னா தையல் தைக்கிற!" என்று சிரிப்பான்.

உழைக்கிற குடும்பம் என்று எங்களுக்கு அதில் அத்தனை பெருமை. என் இமை ஓரத்தில் மூக்குப் பக்கமாக மஞ்சளாகத் தடித்திருந்ததைப் பார்த்து மற்ற பெண்கள், முகம் கழுவத் தெரியாதவள், பூசிய மஞ்சள் அப்படியே கிடக்கிறது என்று கேலி செய்வார்கள். தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை, விட்டுவிட்டேன்.

ஒரு நாள் குடோனில் தைத்துக்கொண்டிருந்தபோது அந்த அழுத்தம் வந்தது. அன்றைக்கு நான் நடக்கவே இல்லை, உட்கார்ந்துதான் இருந்தேன். நின்றால் போகிற வலி, உட்கார்ந்திருக்கும்போது வந்தால் எதைச் செய்து நிறுத்துவது? புடவை முழுக்க வேர்வை. ஊசி பாதிக் கோணியில் நின்றுவிட்டது. கதீஜா ஓடி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேஸ்திரியைக் கூட ஒரு வார்த்தை கேட்காமல், மூட்டை ஏற்றுகிற தள்ளுவண்டியை இழுத்து வந்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நான் போனது மிளகாய் மூட்டை வண்டியில். வழியெல்லாம் தும்மிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தும்மலுக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

அங்கே ஒரு ஊசி போட்டார்கள். வலி எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. பிறகு சக்கரம் வைத்த ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கையிலும் காலிலும் பட்டை கட்டி, நெஞ்சில் ஏதோ குளிர்ச்சியாகப் பூசி, ஒயரை மாட்டினார்கள். கரண்டு வைத்துக் கொல்லப் போகிறார்கள் என்று நினைத்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டு எட்டிப் பார்த்தது. கரண்டு நமக்குள் வருவதில்லையாம். இருதயம் துடிக்கும்போது அதற்குள்ளேயே கொஞ்சம் மின்சாரம் ஓடுகிறது, அதை அந்தப் பெட்டி காகிதத்தில் கோடாக எழுதிக் காட்டுகிறதாம். என் கோடு இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது, அதனால் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துப் புண்ணாகிவிட்டது என்றார் டாக்டர். இளம் வயசுக்காரர், கண்ணாடி போட்டவர், பொறுமைசாலி.

"இனிமேல் அசையக் கூடாதும்மா. கையைக்கூடத் தூக்கக் கூடாது."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான். ஆயா சோறு ஊட்டினாள், ஆயா வாயைத் துடைத்தாள், மற்றதும் ஆயாதான். பிறந்ததிலிருந்து நான் சும்மா படுத்திருந்ததில்லை. கூரையில் ஓடுகிற பல்லியைப் பார்த்தபடி நாளெல்லாம் கிடந்தேன். எப்போது உட்காரலாம் என்பதை ஒரு கண்ணாடிக் குழாய் முடிவு செய்தது. நீளமான, மெல்லிய குழாய். ரத்தத்தை எடுத்து அதில் ஏற்றி நிமிர்த்தி வைப்பார்கள். ரத்தத்தின் சிவப்பு எவ்வளவு வேகமாக அடியில் தங்குகிறது என்று பார்ப்பார்கள். வேகமாகத் தங்கினால் உடம்புக்குள் அழற்சி இருக்கிறது என்று அர்த்தம். வெட்டுக்காயம் சிவந்து வீங்கிச் சுடுமே, அதுதான் அழற்சி. என் காயம் உள்ளே இருந்ததால் அந்தக் குழாயில் பார்த்தார்கள். வாரா வாரம் நர்ஸம்மா ரத்தம் எடுத்துப்போவாள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வருவாள். இன்னும் ஆறவில்லை, படு.

வலியையும் படுக்கையையும் விட மோசமானது சாயங்காலம் நாலு மணி. அப்போதுதான் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவார்கள். மணி அடித்ததும் வார்டில் சந்தைக் கூட்டம். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் புருஷன், பிள்ளை, மாமியார், தூக்குப் பாத்திரம். என் கட்டிலைச் சுற்றிக் காற்று. குடோனில் வேலை முடிகிற நேரத்தில் இங்கே கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால் கதீஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். மற்ற நாளெல்லாம் மணி அடித்ததும் நான் கண்ணை மூடித் தூங்குவது போலப் படுத்துக்கொள்வேன். அடுத்த கட்டில் அம்மாளின் மருமகள் ஒரு தரம் என் பக்கத்தில் வந்து, "பாவம், யாருமில்ல போல," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போர்வையை என் கால் வரைக்கும் இழுத்துவிட்டாள். போர்வை இதமாக இருந்தது. அந்தச் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. மூடிய கண்ணோடு அழுதேன். கண்ணீரைத் துடைக்கக் கையைத் தூக்கக் கூடாது, அது பாட்டுக்குக் காதுக்குள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கதீஜா வந்து உட்காரும்போதே திட்டிக்கொண்டுதான் உட்காருவாள். "இன்னா கோலம்டி இது, தலை கலீஜா கீது," என்று இடுப்பிலிருந்து சீப்பை எடுப்பாள். தலையை அசைக்காமல், சிக்கு எடுத்து, எண்ணெய் வைத்து, பின்னிவிடுவாள். அந்தப் பின்னலை அடுத்த ஞாயிறு வரைக்கும் கலையாமல் வைத்துக்கொள்வேன்.

டாக்டர் என் கையைக் கவனித்தது ஒரு காலை நேரம், நாடி பார்க்கும்போது. கட்டியை அழுத்திப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"கோணி ஊசி புடிச்ச காய்ப்பு டாக்டரய்யா."

"ஊசி உள்ளங்கையைத்தானே அழுத்தும்? புறங்கையில் ஏன் காய்ச்சுது?"

இடது கையைப் புரட்டிப் பார்த்தார். அங்கேயும் இருந்தது. "இந்தக் கையிலயும் ஊசி பிடிப்பீங்களா?" என்றார். அப்புறம் போர்வையை விலக்கிக் குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பை இரண்டு விரலால் பிடித்தார். அங்கேயும் தடிப்பு. "காலால தைக்கிறதில்லையே?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இமையின் மஞ்சளையும் பார்த்துவிட்டு, வேறொரு பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். சில நாள் கழித்து வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கொலஸ்ட்ரால் என்று ஒரு பெயர் சொன்னார். எல்லார் ரத்தத்திலும் ஓடுகிற ஒரு வகைக் கொழுப்பாம். அளவோடு இருந்தால் உடம்புக்கு வேண்டியதுதான். எனக்கு அளவு மீறிக் கிடக்கிறது. அதிகமானது இருதயக் குழாயின் சுவரில் படிந்து வழியைக் குறுக்கிவிடும். நடக்கும்போது வந்த வலி அந்தக் குறுகலால்தான். விரல் மேலும் குதிகாலிலும் கட்டியாக, இமையில் மஞ்சளாக வெளியே தெரிந்ததும் அதே கொழுப்புதான்.

"நெய், வெண்ணெய் அதிகம் சாப்பிடுவீங்களா?"

"நெய்யா? தீவாளிக்கு வாங்குனா அடுத்த தீவாளி வரைக்கும் அந்தச் சீசா இருக்கும் ஐயா."

"அப்படின்னா இது பிறவியிலேயே வந்திருக்கு. சில குடும்பங்கள்ல இப்படி உண்டு. வீட்டுல வேற யாருக்காவது இந்தக் கட்டி இருக்கா?"

ஊசி, ஷவல், துடுப்பு. மூன்று வெவ்வேறு வேலை, மூன்று பேர் கையிலும் ஒரே இடத்தில் ஒரே காய்ப்பு. இத்தனை வருஷம் முஷ்டியை முஷ்டியோடு வைத்துப் பார்த்தோமே, எப்படித் தோன்றாமல் போயிற்று? நைனா ஒரு நாள் படகு வலித்துக்கொண்டிருக்கும்போதே துடுப்பின் மேல் கவிழ்ந்துவிட்டார். நாற்பதை எட்டியிருக்க மாட்டார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். பாய்லர் நெருப்புக்கு முன்னால் நின்று கரி அள்ளுகிற என் தம்பிக்கு அடுத்த வருஷம் நைனாவின் வயசு.

அதற்குப் பிறகு பல்லியையும் பார்க்கவில்லை, குழாயையும் கேட்கவில்லை. காதைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு கிடந்தேன். ஏழுமலையின் கப்பல் சங்கு எனக்குத் தெரியும். கனத்த குரலில் நீளமாக இழுத்து, முடிகிற இடத்தில் கரகரக்கும். ஒரு மத்தியானம் அது கேட்டது. பக்கத்தில் இருந்த ஆயாவிடம், "எந்தம்பி வந்துட்டான்," என்று கத்தினேன். நெஞ்சு படபடத்தது என்று நர்ஸம்மா வந்து திட்டினாள்.

அன்றைக்கு நாலு மணிக்கு நான் தூங்குவது போல நடிக்கவில்லை. அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சரக்கு இறக்கி முடிக்கிற வரைக்கும் ஆளைக் கரைக்கு விடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கதீஜா கப்பல் ஏணிக்குக் கீழே நின்று, மேலே ஏறுகிற ஒவ்வொருவனிடமும் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதற்கு மறுநாள் வந்தான். கதவை அடைத்துக்கொண்டு வருகிற உடம்பு, கையில் வழக்கம்போல எனக்கென்று ஒரு டின் வெண்ணெய். என்னைப் பார்த்ததும் கண் கலங்கி, டின்னை என் தலைமாட்டில் வைத்தான்.

"சாப்டுக்கா. எளச்சிப் போயிட்ட."

"அதைத் தூரப் போடுடா. கையைக் காட்டு."

"யாருது பெருசுன்னு பாக்கவா?" முஷ்டியை மடக்கினான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முள் தேடிய கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "ஹார்பர்ல முள்ளாக்கா!" கட்டியைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு குறைந்தது.

"இது ஷவல் புடிச்சி வந்ததுக்கா."

"குதிகால்ல எந்த ஷவலைப் புடிச்ச?"

குனிந்து தன் காலைத் தடவிப் பார்த்தான்.

"நைனாவுக்கும் இருந்துச்சுல்ல? பாய்லர் குழாயில உப்பு புடிச்சிகினா இன்னா ஆவும்னு நீதான சொல்லுவ?"

"வெடிச்சிடும்."

"உன் குழாயிலயும் புடிச்சிகினு கீதுடா. டாக்டரு இங்கதான் கீறாரு. ஒரு ஊசி ரத்தம் குடு, போதும்."

"ரத்தத்தைக் குடுத்துட்டு நெருப்பு முன்னால எப்டி நிக்கறது? சீக்காளின்னு ஒரு தபா தெரிஞ்சா அடுத்த கப்பல்ல ஏத்த மாட்டான். எனக்குத்தான் வலியே இல்லியேக்கா."

"வர்ற வரைக்கும் எனக்கும் இல்லடா."

மணி அடித்தது. எழுந்தான். அடுத்த தடவை வரும்போது பார்க்கலாம் என்றான். நான் எழுந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன், கட்டிலிலிருந்து குதித்திருப்பேன், காலில்கூட விழுந்திருப்பேன். அசையக் கூடாதே! "ஏழுமல, ஏழுமல," என்று கூப்பிடத்தான் முடிந்தது. கூட்டத்தோடு கூட்டமாகக் கதவுக்கு வெளியே போய்விட்டான். வெண்ணெயை ஆயாவிடம் கொடுத்துவிட்டேன்.

அவன் கப்பல் கிளம்பிய சங்கைப் படுத்தபடியே கேட்டேன். வார்டில் அத்தனை பேர் இருந்தார்கள். அந்தச் சத்தம் யாருக்கும் ஒன்றுமில்லை, எனக்கு மட்டும்தான். என் வாழ்நாளில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. ரங்கூன் கப்பல்கள் காலியாகியும் புருஷன் இறங்காதபோதுகூட.

ஒரு வழியாகக் கண்ணாடிக் குழாய் எனக்கு இரக்கம் காட்டிற்று. முதலில் உட்கார்ந்தேன், பிறகு நின்றேன், பிறகு வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குழந்தை போல நடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சிறிய மாத்திரைச் சீசா ஒன்றைக் கொடுத்தார்.

"வலி வந்தா உடனே உட்கார்ந்துடுங்க. இதுல ஒண்ணை நாக்குக்கு அடியில வைங்க, முழுங்க வேண்டாம். வாயு வலின்னா இதுக்கு அநேகமா அடங்காது. இருதய வலின்னா கொஞ்ச நேரத்துல விட்டுடும்."

அன்றிலிருந்து அந்தச் சீசா என் இடுப்பில்தான் இருக்கிறது. கோணி தைக்கக் கூடாது என்றுவிட்டார்கள். கதீஜா மேஸ்திரியை என்ன சொல்லி மிரட்டினாளோ, சணல் நூலை அளவாக வெட்டிக் கட்டு கட்டுகிற வேலையை என் வீட்டுக்கே அனுப்பினார். நாள் முழுக்க அறையில் நூலும் நானும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தேன், சங்கு கேட்க வேண்டுமே.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய பிறகு அது கேட்டது. அவன் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மெல்ல நடந்து, உட்கார்ந்து உட்கார்ந்து, துறைமுகக் கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். கப்பல்காரர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். கடைசியில் அவன். தோளில் தகரப் பெட்டி. தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். உயிரோடு இருக்கிறான் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கொஞ்சம் நடந்தான். நின்றான். பெட்டியைக் கீழே வைத்து, கைலியை அவிழ்த்துக் கட்டினான். மறுபடி நடந்தான். மறுபடி நின்றான். பெட்டியை வைத்துக் கைலியை அவிழ்த்துக் கட்டினான். கஞ்சி மொடமொடப்பு போகாத புதுக் கைலி அது, அப்படி அவிழாது. கட்டும்போது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். இடது கை தாடையைத் தேய்த்தது.

எனக்குத் தெரியாதா? நான் ஓடக் கூடாது, அவனால் நடக்க முடியவில்லை. எவ்வளவு மெதுவாக அந்தச் சாலையைத் தாண்டினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"இன்னாடா, கைலி நிக்கலையா?"

"புதுசுக்கா. வழுக்குது." மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"எனக்கு முள்ளு குத்துச்சு. உனக்குக் கைலி வழுக்குதா?"

என்னைப் பார்த்தான். தகரப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சீசாவை எடுத்தேன். "நாக்கைத் தூக்கு. மெல்லாத, முழுங்காத. வாயுவா நெஞ்சான்னு இது சொல்லிடும்." சின்னப் பிள்ளையாக இருந்தபோது விளக்கெண்ணெய் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பானே, அதே சுளிப்பு. அவன் கையை என் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மூட்டைக்காரர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவன் தோள் இறங்கிற்று.

"உட்டுடுச்சிக்கா," என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

"அந்த மாத்திரை வாயுக்கு அடங்காதுடா," என்றேன். "எத்தினி நாளா கீது?"

"ரெண்டு மூணு தொறைமுகமா." தலையைக் குனிந்துகொண்டு தன் புறங்கையைப் பார்த்தான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. நானும் அழுதேன். இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இருந்தது. அவன் கண்ணையும் துடைத்தேன்.

"ரத்தம் எங்கக்கா எடுப்பாங்க?"

பெட்டியை ஒரு கூலியாளிடம் கொடுத்தோம். கை ரிக்‌ஷாக்கள் சாலை முனையில்தான் நிற்கும். அதுவரைக்கும் நடந்தோம். பாதி வழியில் ஏழுமலை நின்றான். கை தானாகக் கைலி முடிச்சுக்குப் போயிற்று. பட்டென்று தட்டிவிட்டேன்.

"நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லுடா."

"நெஞ்சு வலிக்குதுக்கா."

"எனக்கும்தான்," என்றேன்.

போகிறவர்களும் வருகிறவர்களும் பார்த்தார்கள், பார்க்கட்டும். காலைத் தூக்காமல், கைலியைத் தொடாமல், வலி விடுகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் சாலையில் சும்மா நின்றோம்.